‘வேலையை விடலாமா?’ என்ற கேள்விக்குக் கட்டணம் கொடுத்து வாங்கிய பதில்

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நாலு ஏன் என்பதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

நான் வாங்கியது ஒரு நிதி ஆலோசகரின் சேவை. அவர் எதையும் விற்பதில்லை, எங்கிருந்தும் கமிஷன் வாங்குவதில்லை. ஒரே தடவை ஒரு நிலையான கட்டணம், அதற்குப் பதிலாக ஒரே கேள்விக்கு விடை: இருக்கிற பணத்தை வைத்து, சீக்கிரமே வேலையிலிருந்து ஓய்வு பெற முடியுமா, முடியும் என்றால் எப்போது? கட்டணம் எங்கள் வீட்டின் இரண்டு வாரச் செலவுக்குச் சமமாக இருந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, குறைகளையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன் என்பதால். இது அந்த ஒருவரைப் பற்றிய விமர்சனம் என்பதைவிட, இந்த மாதிரி சேவையை யாரிடம் வாங்கினாலும் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது, வீட்டுக்காரருக்கு 50. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவு சம்பாதிக்கிறோம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கடந்த ஒரு வருடமாக நான் தூங்கப் போகும் முன் செய்த கடைசி வேலை, இணையத்தில் கிடைக்கும் ஓய்வுக்காலக் கால்குலேட்டர்களில் எண்களைப் போட்டுப் பார்ப்பதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தக் கால்குலேட்டர்கள் போதுமென்றால் யாரும் காசு கொடுத்து ஆலோசகரைத் தேட வேண்டியதில்லை.

மூன்று இலவசக் கால்குலேட்டர்களில் ஒரே எண்களைக் கொடுத்தேன். வீட்டைச் சேர்க்காமல் எங்கள் சேமிப்பு, வருடச் செலவைப் போல் 22 மடங்கு. வருடத்துக்கு ஒரு மடங்கு புதிதாகச் சேர்கிறது. முதல் கால்குலேட்டர் ‘இப்போதே விடலாம்’ என்றது. இரண்டாவது, இரண்டு வருடம் பொறு என்றது. மூன்றாவது 11 வருடம் என்றது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மனுஷி தன் வாழ்க்கையின் பெரிய முடிவை எடுக்க உட்கார்ந்திருக்கும்போது இப்படியா பதில் சொல்வது என்று தோன்றியது. அப்புறம் பொறுமையாக ஒவ்வொன்றின் அமைப்புப் பக்கத்தையும் திறந்து பார்த்தபோது புரிந்தது, மூன்றுமே கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தன. முதலாவது, நாங்கள் குடியிருக்கும் வீட்டையும் சொத்தில் சேர்த்துக்கொண்டு 80 வயதோடு கணக்கை முடித்துவிட்டது. வீட்டின் ஒரு அறையை விற்று மளிகை வாங்க முடியாது என்பது அதற்குத் தெரியாது. இரண்டாவது, சேமிப்பு வருடச் செலவின் 25 மடங்கைத் தொட்டதும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடுகிற வகை. மூன்றாவது, பணவீக்கம் போக வருடத்துக்கு 1 சதவீதம்தான் வருமானம் வரும், ஆனால் 100 வயது வரை வாழ்வோம் என்று தானாகவே எடுத்துக்கொண்டது. இப்படி நாமே கொடுக்காத எண்கள்தான் தேதியை 11 வருடம் முன்னும் பின்னும் தள்ளுகின்றன. எந்தக் கால்குலேட்டரைப் பயன்படுத்தினாலும், பணவீக்கம், வருமான விகிதம், எந்த வயது வரை, வீடு உள்ளேயா வெளியேயா என்ற நாலையும் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விடையைப் பாருங்கள்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுத்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்த ஒருவர், நம் மொத்தச் சேமிப்பில் வருடத்துக்கு 1 சதவீதம் கட்டணம் என்றார். கேட்கும்போது சின்னதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், சேமிப்பிலிருந்து வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்துச் சாப்பிடப் போகிறவருக்கு அந்த 1 சதவீதம் என்பது சாப்பாட்டில் கால் பங்கு! நிலையான கட்டணம் வாங்குபவரைத்தான் தேட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்னொருவர் பத்தாவது நிமிடத்திலேயே காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு திட்டத்தின் கையேட்டை எடுத்து நீட்டினார். அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

சரி, கடைசியில் நான் தேர்ந்தெடுத்தவர் என்ன செய்தார்?

முதல் சந்திப்புக்கு இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்றார். நான் மட்டும் போதும், பணக் கணக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “கணக்கு நீங்க பாக்கலாம் மேடம், வாழப்போறது ரெண்டு பேரும்தானே” என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்திப்பில்தான், 22 வருடம் கூட வாழ்ந்த மனுஷர் ஓய்வு என்ற சொல்லை என்னிலிருந்து எவ்வளவு வேறாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவருக்கு அவருடைய வேலை பிடித்திருக்கிறது, விடும் எண்ணமே இல்லை. நான்தான் இரண்டு பேருக்கும் ஒரே தேதி குறித்து வைத்துக்கொண்டு ஒரு வருடமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அடுத்ததாக, மூன்று வருட வங்கிக் கணக்கு விவரங்களையும் கார்டு பில்களையும் கொண்டுவரச் சொன்னார். மாத பட்ஜெட் தாளை நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பட்ஜெட் என்பது நாம் செலவழிக்க நினைத்தது, வங்கி விவரம்தான் செலவழித்தது என்றார். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இந்த இடம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூன்று வருடத்தையும் வரி வரியாகப் பிரித்துக் கூட்டினோம். நான் ‘வருடச் செலவு’ என்று நம்பிக்கொண்டிருந்த தொகையைவிட உண்மைச் செலவு 18 சதவீதம் அதிகம். எங்கே போனது? எங்கேயும் வீணாகப் போகவில்லை, அதுதான் விஷயம். கூரை ஒழுகியதற்கு ஒரு பெரிய தொகை. பழைய வாகனத்தைக் கொடுத்துப் புதியது வாங்கியதில் ஒரு பகுதி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். என் பல் சிகிச்சை. மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது கொடுத்தது. வருடத்துக்கு ஒரு முறை கட்டும் பிரீமியங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தச் சமயத்தில் ‘இது எதிர்பாராத செலவு, வழக்கமான கணக்கில் வராது’ என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதிர்பாராத செலவு இல்லாத வருடமே கிடையாது. பெயர் மாறுகிறது, தொகை ஏறக்குறைய அப்படியே வருகிறது.

இந்த 18 சதவீதம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. செலவு கூடியதால் எங்கள் 22 மடங்கு பதினெட்டரை மடங்காகச் சுருங்கியது. சேமிப்பும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு, ஏனென்றால் கூடுதலாகப் போன அந்தப் பணம் சேமிப்பாக இருக்க வேண்டிய இடத்திலிருந்துதான் போயிருக்கிறது. அவர் சொன்ன ஒரு சின்னக் கணக்கை இன்னும் மறக்கவில்லை: 25 மடங்கு என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவில் கூடும் ஒவ்வொரு 100-க்கும் சேமிப்பில் 30,000 கூடுதலாக வேண்டும். வருமானத்தைக் கூட்ட எவ்வளவோ முயற்சி எடுக்கிறோம், ஆனால் இந்தக் கணக்கில் செலவுப் பக்கத்துக்குத்தான் கனம் அதிகம். இலக்கையும் அதுதான் தீர்மானிக்கிறது, இலக்கை நோக்கிப் போகும் வேகத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. பணவீக்கம் போக 5 சதவீத வருமானம் என்று வைத்தால், ஒன்றுமில்லாமல் தொடங்கி, சம்பளத்தில் பாதியைச் சேமிக்கிறவர் ஏறக்குறைய 17 வருடத்தில் 25 மடங்கைத் தொடுவார், கால் பங்கை மட்டும் சேமிக்கிறவருக்கு 32 வருடம் ஆகும். சம்பளம் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதே இல்லை. உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

இனி அந்த 25 மடங்கு. இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே நிறையப் பேர் இதை வைத்து வேலையை விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன் பத்திர வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துக் கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருடங்களில் அதே தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப மட்டும் உயர்த்திக்கொண்டால், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 வருடம் தாங்கியது. 1998-இல் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூன்று பேர் செய்த ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. நூறை நாலால் வகுத்தால் 25, அவ்வளவுதான் அந்த மந்திர எண்.

ஆலோசகர் இதில் இரண்டு இடங்களைக் கோடு போட்டுக் காட்டினார். முதலாவது, 30 வருடம். 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அது சரி. எனக்கு 46. 95 வயது வரை என்றால் 49 வருடம். இரண்டாவது, அது ஒரு நாட்டின் வரலாறு, அதுவும் அந்த நூற்றாண்டில் நன்றாகச் செய்த நாடு. வேட் ஃபாவ் என்ற ஆய்வாளர் 2010-இல் 17 வளர்ந்த நாடுகளின் வரலாற்றை வைத்து இதே கணக்கைப் போட்டபோது, பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் பாதுகாப்பாக இல்லை. அதனால் எங்கள் ஆலோசகர் எங்களுக்குப் பயன்படுத்தியது 3.25 சதவீதத்தைச் சுற்றிய எண், அதாவது 31 மடங்குக்குப் பக்கத்தில். இதைக் கேட்டதும் எனக்குக் கண்ணைக் கட்டியது என்பது உண்மை. பதினெட்டரை எங்கே, 31 எங்கே.

அந்த வரலாற்றிலேயே எனக்குப் புதிதாக இருந்த விஷயம் ஒன்று. மிக மோசமான காலம் எது என்று கேட்டார். 1929, பெரும் வீழ்ச்சி என்று உடனே சொன்னேன். இல்லையாம், 1960-களின் கடைசியில் ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 1929-க்குப் பின் விலைவாசியும் சேர்ந்து விழுந்ததால் எடுக்க வேண்டிய தொகையும் குறைந்தது. 1970-களில் சந்தையும் தேறவில்லை, விலைவாசியும் ஏறிக்கொண்டே போனது. சந்தை விழுந்தால் மறுபடி எழும், விலைவாசி ஏறினால் ஏறினதுதான். 6 சதவீதப் பணவீக்கத்தில் செலவு 12 வருடத்தில் இரட்டிப்பாகும். 46 வயதில் நிற்பவருக்கு 95-க்குள் அப்படி நாலு இரட்டிப்புகள் இருக்கின்றன.

அப்புறம், முதலீட்டு வருமானம் சராசரியாக எவ்வளவு என்பதைவிட எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் முக்கியம். இதை அவர் ஒரு தாளில் கையால் போட்டுக் காட்டினார், அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 46 வயதில் 25 மடங்கோடு ஒருவர் ஓய்வு பெறுகிறார், வருடத்துக்கு 1 எடுக்கிறார். வருடந்தவறாமல் பணவீக்கம் போக 5 சதவீதம் கிடைத்தால் அந்தப் பணம் தீரவே தீராது, வளரும். அதே ஆளுக்கு முதல் வருடம் 30 சதவீதமும் இரண்டாம் வருடம் 10 சதவீதமும் விழுந்தது என்று வையுங்கள். முதல் 1 எடுத்ததும் 24, விழுந்ததும் 16.8. மறுபடி 1 எடுத்ததும் 15.8, விழுந்ததும் 14.2. இப்போது எடுக்கும் 1 என்பது 4 சதவீதமாக இல்லை, 7 சதவீதம். அதற்குப் பிறகு ஒரு கெட்ட வருடம்கூட இல்லாமல், அதே 5 சதவீதம் ஒழுங்காகக் கிடைத்தாலும், ஏறக்குறைய 23 வருடத்தில் பணம் காலி. இரண்டே வருடம், ‘தீரவே தீராது’ என்பது ‘71 வயதில் தீர்ந்துவிடும்’ ஆகிவிட்டது. இதே வீழ்ச்சி இருபதாவது வருடம் வந்திருந்தால் அவர் அதைச் சமாளித்திருப்பார். வேலையில் இருக்கும்போது வீழ்ச்சி வந்தால் மலிவாக வாங்குகிறோம், எடுத்துச் சாப்பிடும்போது வந்தால் மலிவாக விற்கிறோம்.

இந்தத் தாளைப் பார்த்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. அதுவரை ‘எவ்வளவு சேர்ந்தால் போதும்’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, ‘விட்ட முதல் ஐந்து வருடத்தில் சந்தை விழுந்தால் நான் என்ன செய்வேன்’ என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் கேள்விக்குக் கால்குலேட்டர் விடை சொல்லும், இரண்டாவதற்கு நான்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய அறிக்கையும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது. எங்கள் செலவைத் தவிர்க்க முடியாதது, தள்ளிப்போடக்கூடியது என்று பிரித்தார். எழுபதுக்கு முப்பது வந்தது. கெட்ட வருடத்தில் அந்த முப்பதைப் பாதியாக்க முடியுமா என்று கேட்டார், எதையெல்லாம் என்று பெயர் சொல்லிக் கேட்டார். முடியும் என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் குறைகிறது, அப்படிச் செய்யத் தயாராக இருப்பவருக்கு 31 மடங்கு வரை காத்திருக்கத் தேவையில்லை, 26-லேயே கவனமாகப் போகலாம். எப்போது குறைப்பது என்பதற்கு ஜோனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய விதிகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்: எடுக்கும் விகிதம் தொடங்கிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு மேலே போனால், அதாவது 4-இல் தொடங்கியது 4.8-ஐத் தாண்டினால், அந்த வருடச் செலவை 10 சதவீதம் குறை. அதே அளவு கீழே இறங்கினால் 10 சதவீதம் கூட்டிக்கொள். வீழ்ச்சி வரும் நாளில் பதற்றத்தோடு உட்கார்ந்து முடிவெடுக்காமல், இப்போதே எழுதி வைத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

நான் கவனிக்காமலே விட்ட இன்னொன்று, பணம் எந்தப் பையில் இருக்கிறது என்பது. எங்கள் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு, எனக்கு 60 வயது ஆகும் வரை தொட முடியாத ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கிறது. ஆக 46-இலிருந்து 60 வரை 14 வருடத்துக்கு, கைக்கு எட்டும் பன்னிரண்டரை மடங்கை வைத்து ஓட்ட வேண்டும். மொத்தம் சரியாக இருந்தும் 58 வயதில் கையில் காசில்லாமல் நிற்க முடியும் என்பது இதைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். வேலையோடு வருகிற காப்பீடு வேலையோடு போய்விடும், சொந்தமாக ஒன்று எடுக்க ஆரோக்கியமும் சம்பளமும் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பல பாலிசிகளில் காத்திருக்கும் காலம் உண்டு என்பதால் கடைசி மாதத்தில் தேடினால் உதவாது. நாங்கள் அந்த வாரமே எடுத்துவிட்டோம்.

இப்போது, எனக்கு இந்தக் கட்டணம் முழுதும் திரும்பி வந்த பக்கத்துக்கு வருகிறேன். இரண்டாவது சந்திப்பின் நடுவில் அவர் கேட்டார், “உங்களுக்கு வேலையை விடணுமா, இல்ல இவ்வளவு வேலையை விடணுமா?” பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. எனக்கு என் தொழில் வெறுக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள், அதிலும் பாதி மாலைகள், அதுதான் தாங்கவில்லை. அதைச் சொன்னதும் புதிதாக ஒரு கணக்குப் போட்டார். பணவீக்கம் போக 4 சதவீத வளர்ச்சி என்று வைத்து, இரண்டு பேரும் முழு நேரம் உழைத்தால் 26 மடங்கைத் தொட ஏறக்குறைய ஐந்து வருடம். வீட்டுக்காரர் முழு நேரம், நான் வாரம் மூன்று நாள், சம்பளமும் அதற்கேற்பக் குறைவு என்றால்? ஆறு, ஆறரை வருடம்.

நான் இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னேன். என் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போகிறது, தேதி ஒன்றரை வருடத்துக்கும் குறைவாகத்தான் தள்ளிப்போகிறது. காரணம் எளிமையானது: இந்த நிலைக்கு வந்த பிறகு சேமிப்பு தன் வளர்ச்சியிலேயே பாதிக்கு மேலான தூரத்தைக் கடந்துவிடுகிறது. நாங்கள் புதிதாகப் போடுவது மீதியைத்தான் சேர்க்கிறது. இருக்கும் சேமிப்பைத் தொடாமல் விட்டு வைப்பதுதான் முக்கியம், முன்பு போல அவ்வளவு நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வருடமாக இரவு இரவாகக் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்த எனக்கு இது தோன்றவேயில்லை, ஏனென்றால் எந்தக் கால்குலேட்டரிலும் ‘வாரம் மூன்று நாள்’ என்று ஒரு கட்டம் இல்லை, வேலை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டுதான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதுவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குறைகள். மூன்று வாரம் என்று சொன்னது ஏழு வாரம் ஆனது, இரண்டு தடவை நான்தான் போன் செய்து நினைவூட்டினேன். அறிக்கை 41 பக்கம், அதில் நாங்கள் உபயோகிப்பது ஒன்பது. மீதி எல்லாம் மென்பொருள் தானாக அச்சடித்த வண்ணப் படங்கள். அதில் பெரிய எழுத்தில் ‘வெற்றி வாய்ப்பு 87 சதவீதம்’ என்று ஒரு மான்டி கார்லோ முடிவு. ஆயிரம் கற்பனை எதிர்காலங்களில் 870-இல் பணம் கடைசி வரை தாங்கியது என்பதுதான் அதன் பொருள். மீதி 130-இல் எத்தனை பேருக்கு 94 வயதில் தீர்ந்தது, எத்தனை பேருக்கு 64-இல் தீர்ந்தது என்று கேட்டேன். அந்த வித்தியாசம்தானே எல்லாம்? அதை எடுத்துத் தர இன்னொரு வாரம் ஆனது. அந்த ஆயிரத்திலும் யாரும் நடுவில் செலவைக் குறைப்பதில்லை, வேலைக்குத் திரும்புவதில்லை, பணம் தீரும் வரை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டே போகிறார்கள். மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. இந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, வரி. செலவுக் கணக்கில் அவ்வளவு நுணுக்கமாக இருந்தவர், முதலீட்டை விற்று எடுக்கும்போது கட்ட வேண்டிய வரியை முதல் வரைவில் சேர்க்கவே இல்லை. நான் கேட்ட பிறகுதான் சேர்த்தார், சேர்த்ததும் தேவையான தொகை கொஞ்சம் ஏறியது (நான் மேலே எழுதியிருக்கும் எண்கள் திருத்திய பிறகு வந்தவை). கேட்கத் தெரியாதவர்கள் அந்த வரைவையே இறுதி என்று வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு மதிப்பெண் போனது இதற்காகத்தான். யாரிடம் போனாலும் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்தச் செலவுத் தொகையில் வரி உள்ளே இருக்கிறதா?

யாருக்கு இது பயன்படும்? சேமிப்பு வருடச் செலவின் பத்து மடங்குக்குக் கீழே இருந்தால் இப்போது காசு கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் கட்டத்தில் விடை எப்படியும் ‘இன்னும் சேருங்கள்’ என்பதாகத்தான் இருக்கும், மூன்று வருட வங்கி விவரத்தை எடுத்துவைத்துக்கொண்டு செலவுக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம், அதுதான் இதில் பாதி. 40 மடங்குக்கு மேலே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்கும் கணக்கு தேவையில்லை, அவர்களைத் தடுப்பது வேறு ஏதோ. நடுவில் நிற்கிறவர்கள், குறிப்பாகக் கணவன் மனைவி இரண்டு பேரும் வெவ்வேறு தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கிறவர்கள், தாராளமாகப் போங்கள்.

போகும் முன் ஒன்று செய்து பாருங்கள், அறிக்கை வந்த பிறகு நாங்கள் செய்தது, முன்னாலேயே செய்திருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு கெட்ட வருடத்தில் எவ்வளவில் வாழ்வோம் என்று எழுதினோமோ, அந்த 15 சதவீதம் குறைந்த தொகையில் நாலு மாதம் வாழ்ந்து பார்த்தோம். முதல் மாதம் சுலபமாக இருந்தது. இரண்டாம் மாதம் தாண்டிவிட்டோம், மகளின் படிப்புக்கு வாங்கியே ஆக வேண்டிய ஒரு மடிக்கணினியால். அந்த வகைச் செலவு ‘தள்ளிப்போடக்கூடியது’ என்ற பட்டியலில் தவறாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை எடுத்து மறுபக்கம் வைத்தோம், எழுபதுக்கு முப்பது என்பது எழுபத்திரண்டுக்கு இருபத்தெட்டு ஆனது. மூன்றாம், நாலாம் மாதங்கள் சரியாகப் போயின.

நான் வாரம் மூன்று நாள் வேலைக்கு மாறி ஐந்து மாதமாகிறது. அலுவலகத்தில் கேட்டபோது இரண்டு நாளில் சரி என்றுவிட்டார்கள், நான்தான் அதைக் கேட்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கையைப் புதுப்பிக்க அவர் கேட்கும் கட்டணம் முதல் கட்டணத்தில் மூன்றில் ஒன்று. அடுத்த வருடத்துக்குக் கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை வரிக் கணக்கை முதல் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறேன், சரி என்று பதில் வந்திருக்கிறது.